நேரத்தை மிச்சம் பிடித்த நாயுடு

கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானம் பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு மணி நேரம் ஆகும். எதிர்க் காற்று வீசினால் இன்னும் சில நிமிடங்கள் கூடும். சாலை வழியே போனால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரம். சாலை வளைந்து வளைந்து போகிறது. வானத்திலோ நூல் பிடித்தாற்போல நேராகப் போகலாம். அப்படிப் பார்த்தால் தூரம் சுமார் 400 கிலோமீட்டர்தான்.

ஆனால் வீட்டு வாசலில் கிளம்பியதிலிருந்து, சென்னையில் உறவினர் வீட்டுப் படியை மிதிக்கும் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரம் ஆகிறது. சில நாளில் ஐந்து மணி நேரமும் ஆகிறது.

விமானம் பறந்தது ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் எங்கே போயிற்று?

விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் கொஞ்சம் போயிற்று. நிலையத்தில் காத்திருந்ததில் கொஞ்சம் போயிற்று. இறங்கிய பிறகு பெட்டி வரட்டும், வண்டி வரட்டும் என்று நின்றதில் மிச்சமும் போயிற்று.

ஆக, பயண நேரம் என்பது வண்டி ஓடும் நேரம் மட்டும் அல்ல. நாம் காத்துக் கிடக்கும் நேரமும் சேர்ந்ததுதான் பயண நேரம்.

விமானத்தில் போகிறவர்கள் இன்று தெரிந்துகொள்ளும் இந்த உண்மையை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொழிலில் செய்து காட்டியவர் ஒருவர் கொங்கு நாட்டில் இருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அவர் ஓட்டியது விமானம் அல்ல, பஸ்.

அவர்தான் ஜி.டி. நாயுடு!

கலங்கல் கிராமத்துப் பையன்

கோவை மாவட்டத்தில் சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இன்று சூலூரில் இந்திய விமானப் படையின் தளம் இருக்கிறது. போர் விமானங்கள் இரைச்சலோடு எழும்பிப் போவதை அந்த வட்டாரத்துக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

ஆனால் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அந்தக் கிராமத்தில் துரைசாமி பிறந்தபோது, உலகத்தில் எங்குமே விமானம் இல்லை. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன் முதலில் பறந்து காட்டியது 1903-ஆம் ஆண்டில்தான். துரைசாமி பிறந்த காலத்தில் கொங்கு நாட்டுக் குடியானவருக்குத் தெரிந்த வேகம் மாட்டு வண்டியின் வேகம். பணக்காரராக இருந்தால் குதிரை வண்டி. ரயில் போகும் ஊராக இருந்தால் ரயில்.

தந்தை கோபால்சாமி நாயுடு, விவசாயி. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து, சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்ட வேலை காத்திருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் அது நடந்தது.

சாலையில் வந்த அதிசயம்

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடியது! ஊரே வேடிக்கை பார்த்தது.

மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். துரைசாமியால் அப்படிப் போக முடியவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது? அதற்குள் என்ன இருக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அந்த வண்டி கையில் வேண்டும். வண்டிக்குப் பணம் வேண்டும்.

துரைசாமி கோவைக்கு வந்தார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலை. இலை போட்டார், பரிமாறினார். மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கையில் 300 ரூபாய் சேர்ந்ததும், ரட்ஜ் என்னும் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார்!

வாங்கினவர் ஊர்வலமாக ஓட்டிக்கொண்டு போனாரா? இல்லை. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது!

மூன்று ஆண்டு உழைப்பில் கிடைத்த பொருளைக் கழற்றிப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பூட்டத் தெரியாமல் போயிருந்தால் 300 ரூபாயும் போச்சு, மூன்று ஆண்டும் போச்சு. ஆனால் அந்த ஒரு வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம். மெக்கானிக் துரைசாமி அங்கேதான் பிறந்தார்.

பஞ்சில் வந்தது, பஞ்சாய்ப் பறந்தது

அதன் பிறகு அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூர் அந்தக் காலத்திலேயே பருத்திக்குப் பேர் போன ஊர். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. பஞ்சு வியாபாரத்தில் அவருக்குப் பணம் குவிந்தது.

குவிந்த பணத்தோடு பம்பாய்க்குப் போனார். அங்கே பெரிய பெரிய பஞ்சு வியாபாரிகள். அவர்களோடு போட்டி போட்டார். சம்பாதித்ததை எல்லாம் இழந்தார். வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்து கிராமத்துக்கே போயிருப்பார். நாயுடு அப்படிப் போகவில்லை. தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று மிச்சம் இருந்தது. அது மோட்டார்!

அப்போது கோவையில் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் பெரிய தொழிலதிபராக விளங்கினார். பள்ளிக்கூடம், பஞ்சாலை, காப்பித் தொழில், மோட்டார் தொழில் என்று பலவற்றையும் நடத்தியவர். இளைஞர் நாயுடுவின் கைத்திறமையை அவர் கண்டுகொண்டார். பஸ் வாங்கக் கடன் கொடுத்து உதவினார்.

1920-ஆம் ஆண்டு நாயுடுவுக்குச் சொந்தமாக ஒரு பஸ் வந்தது.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

அந்த பஸ்ஸை அவர் எந்த ஊருக்கு விட்டார் தெரியுமா? பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். நடுவில் உடுமலைப்பேட்டை.

தூரம் சுமார் 40 மைல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இன்று பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் பழனி மலை தெரிந்துவிடும்.

1920-ல் அப்படி இல்லை. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரைதான் ரயில் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல் போகும் ரயில் பாதை 1928-ல்தான் வந்தது. ஆகவே பொள்ளாச்சியில் இருப்பவர் பழனியாண்டவரைத் தரிசிக்க வேண்டுமானால் மாட்டு வண்டி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடக்க வேண்டும்.

மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மைல், மூன்று மைல் போகும். 40 மைலுக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். பதினாறு மணி நேரம்! மாடு இளைப்பாற வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், தீனி போட வேண்டும். ஆக, போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினால், திரும்பி வரும்போது நான்கு நாள் வேலை கெட்டிருக்கும்.

பொள்ளாச்சிச் சந்தைக்குச் சரக்கு கொண்டு வருகிறவருக்கும் இதே கதைதான். நேரத்துக்கு வந்து சேராவிட்டால் சந்தை கலைந்துவிடும். காய்கறி வாடிவிடும். நோயாளியை ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கோ நேரம் என்பது உயிர்.

அந்தப் பாதையில் பஸ் வந்ததும், ஒன்றரை நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது!

பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் நாயுடு. டிரைவரும் அவரே. வண்டி நின்றால் கீழே படுத்துப் பழுது பார்த்தவரும் அவரே.

நின்று நின்று போன பஸ்கள்

அந்தக் காலத்து பஸ் பயணம் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

பஸ்ஸுக்கு நேரம் கிடையாது. ஆள் சேர்ந்தால் புறப்படும். சேராவிட்டால் நிற்கும். புறப்பட்ட பிறகும் வழியில் நிற்கும். மேட்டில் ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். தண்ணீர் தேடி ஓட வேண்டும். கரடுமுரடான சாலையில் டயர் வெடிக்கும். எப்போது போய்ச் சேருவோம் என்று டிரைவருக்கும் தெரியாது, பயணிக்கும் தெரியாது.

இதனால் யாருக்கு நஷ்டம்?

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு பஸ்ஸில் 20 பேர் இருக்கிறார்கள். பஸ் 10 நிமிடம் தாமதமாகப் புறப்படுகிறது. பஸ் முதலாளிக்குப் போனது 10 நிமிடம். ஆனால் 20 பேருக்கும் பத்துப் பத்து நிமிடம் போயிற்று. மொத்தம் 200 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல்! அந்த நேரம் கூலிக்காரருடையது, விவசாயியுடையது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயாருடையது. அவர்கள் டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, நேரத்தையும் கொடுக்கிறார்கள்.

நாயுடு இந்த நஷ்டத்தை நிறுத்தப் புறப்பட்டார்.

ஒரு பஸ், பல பஸ் ஆயிற்று

அவருடைய கம்பெனிக்கு யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர். மக்கள் யு.எம்.எஸ். என்பார்கள். ஒரு பஸ் சில பஸ்கள் ஆயிற்று. சில பஸ்கள் பல பஸ்கள் ஆயின. 1930-களில் நாட்டிலேயே திறமையாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று யு.எம்.எஸ். பெயர் எடுத்தது.

அந்தப் பெயர் எப்படி வந்தது? வெறும் வேகத்தால் வந்ததா? இல்லை. ஒழுங்கினால் வந்தது.

பஸ் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பயணிகளுக்குக் காட்டும் கருவியை அவர் அமைத்தார். டிக்கெட் கொடுப்பதற்கு ஓர் இயந்திரம் செய்தார். டிக்கெட்டை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கும் நேரம் மிச்சம். கணக்கும் சரியாக இருக்கும். இன்ஜின் அதிர்வைச் சோதிக்கும் கருவியும் உண்டாக்கினார். அதிர்வு கூடினால் எங்கேயோ கோளாறு என்று பொருள். வழியில் நின்ற பிறகு பழுது பார்ப்பதைவிட, புறப்படும் முன்பே பார்த்துவிடலாம் அல்லவா?

கவனித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்றுகூட பஸ்ஸை வேகமாக ஓட்டுவதற்கான கருவி அல்ல. எல்லாம் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் கருவிகள்!

வண்டியை மணிக்கு ஐந்து மைல் கூடுதலாக ஓட்டினால் ஆபத்துதான் கூடும். புறப்படும் நேரத்தைச் சரியாக வைத்தால் ஆபத்தில்லாமலே அரை மணி நேரம் மிச்சமாகும். இதுதான் யு.எம்.எஸ். நடந்த வழி. இன்று உலகம் முழுவதும் விமானக் கம்பெனிகள் நடப்பதும் இந்த வழியில்தான். பறக்கும் முன்பே சோதனை. குறித்த நேரத்தில் புறப்பாடு. எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பு.

கடல் கடந்த பயணம்

நாயுடு வெளிநாடுகளுக்கும் போனார். இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். சும்மா சுற்றவில்லை. தொழிற்சாலைகளைப் பார்த்தார். இயந்திரங்களைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் கோவையிலிருந்து லண்டன் போவது லேசான காரியமா? ரயில் ஏறிப் பம்பாய்க்குப் போகவே இரண்டு நாள். பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். அரபிக் கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று கப்பல் போகும். லண்டன் வரை 6,000 கடல் மைலுக்கும் மேல். பிரான்சு நாட்டில் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கி ரயிலைப் பிடித்தாலும் இரண்டு வாரம் ஆகிவிடும். கப்பலிலேயே லண்டன் வரை போனால் மூன்று வாரம்!

ஆகாய வழி அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. 1929-ல் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் வந்தது. வழியெல்லாம் இறங்கி இறங்கி வந்து சேர ஏழு நாள் ஆயிற்று. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். காலையில் கிளம்பியவர் பிற்பகலில் பம்பாய் சேர்ந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் கொண்டு வந்தார். இந்திய விமானப் போக்குவரத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

1936 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் காலமானார். இறுதி ஊர்வலத்தை லண்டனில் லட்சக்கணக்கான மக்கள் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் கலங்கல் கிராமத்து நாயுடுவும் இருந்தார். கையில் சினிமாப் படக் கருவி! ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையன், படம் பிடிக்கும் கலையையும் தாமே கற்றுக்கொண்டிருந்தார்.

1940-ல் கோவைக்கும் ஆகாய வழி வந்தது. பீளமேட்டில் விமான நிலையம் திறந்தது. அதே பீளமேட்டில் நாயுடு வேறொரு காரியம் செய்திருந்தார்.

கிணற்றடியில் மிச்சமான நேரம்

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. கிணற்றுப் பாசனம்தான் கதி. ஆழக் கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைக்க வேண்டும். மாடு முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும் வரை இறைத்தால்தான் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாயும். மனிதனுக்கும் ஓய்வில்லை, மாட்டுக்கும் ஓய்வில்லை.

1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்தது சரி. மோட்டார் வேண்டுமே? சீமையிலிருந்து வர வேண்டும். விலையும் அதிகம், வந்து சேர நாளும் அதிகம்.

1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலையில் மின்சார மோட்டார் தயாராயிற்று. டி. பாலசுந்தரம் நாயுடு அதில் துணையாக நின்றவர். இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று கோவை மோட்டாரும் பம்பு செட்டும் நாடு முழுவதும் போகின்றன. அந்தத் தொழிலின் தொடக்கக் காலத்திலேயே நாயுடுவின் பெயர் இருக்கிறது.

பஸ்ஸில் ஏறியவருக்கு நேரம் மிச்சமானது போல, கிணற்றடியில் நின்றவருக்கும் நேரம் மிச்சமாயிற்று.

படிப்பிலும் அதே கணக்கு

1944-ல் நாயுடு மோட்டார் தொழிலின் பொறுப்புகளிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணம் ஒதுக்கினார்.

அடுத்து அவர் கவனம் படிப்பின் பக்கம் திரும்பியது. கோவையில் தொழிற்கல்வி வேண்டும் என்று முயன்று, 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் அமையக் காரணமாக இருந்தார். ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

மூன்றாம் வகுப்பு படித்தவர் இன்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவர்!

ஆனால் அங்கேயும் அவருக்கு ஒரு மனக்குறை. இன்ஜினீயரிங் படிக்க நான்கு ஆண்டு என்று வைத்திருக்கிறார்களே, அது மாணவனின் நேரத்தை வீணாக்குவது ஆகாதா? பட்டறையில் கையால் செய்து படித்தால் இரண்டே ஆண்டில் முடிக்கலாம் என்பது அவர் கருத்து. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு மிச்சமானால், இரண்டு ஆண்டுச் சம்பளம் முன்கூட்டியே வீட்டுக்கு வருமே!

அரசாங்கம் இதை ஏற்கவில்லை. நாயுடு கல்லூரிப் பொறுப்பை விட்டு விலகினார்.

அவர் சொன்னதுதான் முழுக்கச் சரி என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கணக்கும் விஞ்ஞானமும் ஊன்றிப் படிக்க ஆண்டுகள் வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு திருகாணியைக் கழற்றத் தெரியாமல் வெளியே வரும் மாணவரைப் பார்த்தால், நாயுடுவின் ஆதங்கம் நியாயமானது என்று தோன்றும்.

ஓடாமல் போன கார்

வாழ்க்கையில் நாயுடுவின் கணக்கு எல்லாம் பலித்துவிடவில்லை.

1952-ல் அவர் இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! நடுத்தரக் குடும்பம்கூட ஆசைப்படக்கூடிய விலை. அந்தக் காரைத் தொழிற்சாலையில் செய்து விற்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை. கார் காட்சிப் பொருளாக நின்றுவிட்டது.

லைசென்சு விஷயத்திலும் வரி விஷயத்திலும் அரசாங்கத்தோடு அவர் பல முறை மோதினார். விட்டுக்கொடுத்துப் போகும் குணம் அவருக்குக் குறைவு. பிடித்தால் பிடித்ததுதான். அந்தப் பிடிவாதம்தான் 300 ரூபாய் வண்டியைக் கழற்ற வைத்தது. அந்தப் பிடிவாதம்தான் அதிகாரிகளோடு சண்டையும் போட வைத்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது.

ஆயினும் அவர் ஓயவில்லை. காலையில் அடித்தளம் போட்டு, மாலையில் குடிபுகும்படி ஒரே நாளில் வீடு கட்டிக் காட்டினார். பருத்தியிலும் பப்பாளியிலும் புதுப் புது ரகங்களை வளர்த்துப் பார்த்தார். மின்சார ஷேவர், ரேடியோ, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் கை வைத்த பொருள்கள் பல.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். வயது 80.

இரண்டு ஊர்களுக்கு நடுவே

இன்று கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் பறக்கலாம். சுமார் 3,200 கிலோமீட்டர் தூரம். நான்கரை மணி நேரம் ஆகும். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு மாட்டு வண்டியில் போன நேரத்தில், சிங்கப்பூருக்குப் போய் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிடலாம்!

லண்டன், கோவையிலிருந்து நேர்கோட்டில் 8,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாயுடு காலத்தில் கப்பலில் வாரக் கணக்கில் ஆன பயணம், இன்று வழியில் ஓர் ஊரில் விமானம் மாறினாலும் ஒரு நாளில் முடிகிறது.

விமானம் இவ்வளவு வேகமாகப் பறந்து என்ன? கோவை அவினாசி சாலையில் கார்களும் பஸ்களும் நகராமல் நின்றன. ஊருக்குள்ளிருந்து விமான நிலையத்துக்குப் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோவையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரத்தில் முக்கால் பங்கு, விமானத்தைப் பார்க்கும் முன்பே சாலையில் கழிந்தது!

அந்த அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை ஒரு மேம்பாலம் கட்டினார்கள். நீளம் 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2025 அக்டோபர் 9-ந் தேதி அதை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். முக்கால் மணி நேரம் பிடித்த தூரத்தைப் பத்து நிமிடத்தில் கடக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்தப் பாலத்துக்கு வைத்த பெயர் ஜி.டி. நாயுடு மேம்பாலம்!

பொருத்தமான பெயர்தான். எத்தனையோ பேர் பெயரில் பாலங்கள் இருக்கின்றன. பயணிகளின் நேரத்தை மிச்சம் பிடித்தவர் பெயரில், பயணிகளின் நேரத்தை மிச்சம் பிடிக்கும் பாலம் அமைவது அபூர்வம்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். பம்பாயில் இழந்த பணத்தை நாயுடு கோவையில் பல மடங்காகச் சம்பாதித்தார். ஆனால் போன நிமிடத்தைச் சம்பாதித்தவர் உலகத்தில் யாரும் இல்லை. கூலிக்காரருக்கும் கோடீசுவரருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான்.

நம்மை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்றால், அவருடைய நேரம் நம் கையில் இருக்கிறது. கடைக்காரராக இருந்தாலும், அலுவலகத்தில் இருப்பவராக இருந்தாலும், பஸ் ஓட்டுகிறவராக இருந்தாலும், வீட்டில் சமையல் செய்கிறவராக இருந்தாலும் இது பொருந்தும். பிறருடைய பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு தருமம்தான்.

பொள்ளாச்சிச் சாலையில் 1920-ல் ஓடத் தொடங்கிய அந்த ஒற்றை பஸ் சொன்ன பாடம் அது.